எட்டாவது கட்டமும் பதினோராவது கட்டமும்

காஜிமார் தெரு, மதுரை
12-7-1947

786

அன்புள்ள மச்சானுக்கு நஜ்முன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே மாமி சுகம், உங்கள் தம்பி வஹீது சுகம், மாமியின் ஆறு கோழிகளும் சுகம். நான் சுகமா என்று கேட்டால் பதில் நீளும். அதனால்தான் நீங்கள் கேட்பதில்லை போலிருக்கிறது.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது நாம் இரண்டு பேரும் கப்பலேறி இந்த ஊருக்கு ஓடி வந்தோமே, அன்று எந்த ஆபீசரும் நம்மை விசா எங்கே என்று கேட்கவில்லை. ஓடிப் போக விசா வேண்டாம், வீடு திரும்பத்தான் வேண்டும் என்று இப்போது சட்டம் போட்டிருக்கிறார்கள். போன அக்டோபரில் நீங்கள், "நான் முதலில் போய் உன் அத்தாவின் வீடும் குடைக் கடையும் நிற்கிறதா என்று பார்க்கிறேன், நீ பின்னாலேயே வா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மூட்டை கட்டி முடிப்பதற்குள் புதுச் சட்டம் வந்து வாசலை மறித்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு மதுரையில் பிறந்த நீங்கள் ரங்கூனில் இருக்கிறீர்கள். ரங்கூனில் பிறந்த நான் மதுரையில் கோழிக்குத் தவிடு பிசைகிறேன்.

விசா மனு நேற்று மெட்ராசுக்குப் போய்விட்டது. எல்லாம் இங்கிலீஷ். வக்கீல் குமாஸ்தாவாகிய உங்கள் தம்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டம் கட்டமாக நிரப்பினார். பதினோராவது கட்டத்துக்கு வந்ததும்தான், "மைனி, போகும் காரணம்னு கேட்டிருக்கான், என்ன போட?" என்றார். "அது என் நாடு. அங்கே பெய்கிற மழை எனக்குப் பிடிக்கும். காலையில் தெருவில் விற்கிற மொய்ங்கா, மீன் குழம்பில் நனைத்த சேமியா, அது இல்லாமல் ஐந்து வருடமாக எனக்கு விடிந்த மாதிரியே இல்லை. என் அத்தாவும் அம்மாவும் அடங்கியிருக்கிற மண் அது. என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருக்கிறார். எழுதுங்கள்" என்றேன். "அம்புட்டும் கட்டத்துல அடங்காது மைனி" என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், "புருசனுக்குச் சமைத்துப் போட" என்று எழுதினாராம்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று மாமிக்குச் சோறு மட்டும் வடித்தேன்.

உங்கள் சமையல்காரி,
நஜ்முன்னிசா

❖

கெம்மண்டைன், ரங்கூன்
3-8-1947

அன்புள்ள நஜ்மாவுக்கு ஜமீல் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. ஓரம் நனைந்து கிடைத்தது. இங்கே எல்லாம் நனைந்துதான் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை துவைத்துப் போட்ட கைலி இன்று ஞாயிற்றுக்கிழமையும் ஈரமாக இருக்கிறது. குடை விற்றுப் பிழைக்கிறவன் மழையைத் திட்டக் கூடாது, ஆனாலும் எனக்கு நம் தெரு மொட்டை மாடியும் அங்கே பத்து நிமிடத்தில் காய்கிற துணியும் கனவில் வருகின்றன. சிரிக்காதே.

வீடு நிற்கிறது. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு, நானே அடைத்துவிட்டேன். முகல் தெருவில் கடையும் நடக்கிறது. உன் அத்தா கையால் எழுதின பலகையைத் துடைத்து மாட்டியிருக்கிறேன். இத்தனை சண்டைக்கும் தப்பி நின்ற பலகை அது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற பர்மாக்காரி தினமும் என் கைச் சோற்றை எட்டிப் பார்த்துவிட்டு, நாப்பி, அந்த ஊறல் மீன் விழுது, வைத்துத் தாளித்த கீரையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த நாற்றம் பழகவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பழகவில்லை.

விசாவுக்கு அவசரப்படாதே. மெல்ல வரட்டும்.

ஜமீல்

❖

மதுரை
20-10-1947

மச்சானுக்கு ஸலாம்.

"மெல்ல வரட்டும்" என்று எழுதிய கையில் சுளுக்கு விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் பத்வா, வயிறெரிந்து விட்ட சாபம், சும்மா போகாது.

மூன்று மாதமாக என் முகத்தைப் பற்றி இரண்டு ஊர் ஆபீசர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேளுங்கள். மனுவோடு போட்டோ வேண்டும் என்று கடிதம் வந்தது. மாமி, "அன்னிய ஆம்பளை முன்னாடி மொகத்தத் தொறந்து போட்டு உக்காருவியாக்கும்?" என்றார்கள். சரி, மாமி மனம் நோக வேண்டாம் என்று துப்பட்டியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு படம் எடுத்தோம். வஹீது அதை அனுப்பிவிட்டார். பன்னிரண்டாம் நாள் படம் திரும்பி வந்தது. "இதில் இருப்பவர் யார் என்பதைக் காணும்படி எடுத்து அனுப்பவும்" என்று ஒரு வரி.

அடுத்த தடவை மாமியை நானே சமாதானம் செய்தேன். போட்டோ எடுப்பவர் ராமமூர்த்தி என்கிற சௌராஷ்டிரக்காரர். அவர் சம்சாரம் பத்மாசினி அம்மாள் பக்கத்திலேயே நின்று என் முக்காட்டைச் சரி செய்தார். இரண்டு பேரும் தங்கள் பாஷையில் என் முகத்தைப் பற்றி வெகுநேரம் ஆலோசித்தார்கள். படம் வந்தது. நல்ல படம். ஆனால் இடது கன்னத்து மச்சம் காணோம்! அங்க அடையாளம் என்ற கட்டத்தில் வஹீது அந்த மச்சத்தைத்தான் எழுதியிருந்தார். மச்சமுள்ள பெண்ணின் மனுவில் மச்சமில்லாத பெண்ணின் படம் எதற்கு என்று ஆபீசில் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

ராமமூர்த்தியிடம் போய்ச் சண்டை போட்டேன். "நான்தாம்மா தீட்டி எடுத்தேன், மாப்ள வீட்ல மச்சத்தப் பாத்தா ஒரு மாதிரி நெனைப்பாங்கல்ல" என்கிறார். "எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது ஐயா" என்றேன். "அது எனக்கு எப்படித் தெரியும்? மதுரையில பொம்பள தனியாப் போட்டோ எடுத்தா அது வரனுக்குத்தான்" என்றார். மச்சத்தைத் திரும்ப வையுங்கள் என்றேன். வைத்தார். வலது கன்னத்தில் வைத்தார்.

நாலாவது படம் நேற்றுப் போயிருக்கிறது. அதில் நான் முறைத்துக்கொண்டிருப்பேன். மச்சமில்லாத படம் ஒன்றை உங்களுக்கு வைத்திருக்கிறேன். இந்த அழகிக்குப் பொருத்தமான இடம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

நஜ்மா

❖

மதுரை
14-12-1947

மச்சானுக்கு,

உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கைலி காய்ந்ததும் எழுதுவீர்கள் என்று காத்திருக்கிறேன்.

இங்கே போலீஸ் விசாரணை நடந்தது. நான் நல்ல நடத்தை உள்ளவளா என்று பார்க்க விருமாண்டி என்ற ஏட்டு வந்தார். நல்ல மனிதர். வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து மாமி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சீனியம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார். சீனியம்மாள் தெருவுக்கே கேட்கும்படி, "யாரு, அந்தப் பர்மாக்காரியா? அவ ஆத்தா பர்மாக்காரி, அவ பொறந்தது வளந்தது எல்லாம் ரங்கூனு. ஒரு குத்தமும் சொல்ல முடியாது, மழை பேஞ்சா மட்டும் மொட்டை மாடில நின்னு நனைவா" என்றாள்.

ஏட்டு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "ஏம்மா, பர்மாக்காரின்னா பர்மாவுக்குப் போக ஒங்களுக்கு எதுக்கு விசா?" என்றார். வஹீது, "அதெல்லாம் சர்க்கார் விஷயம் அண்ணே, நீங்க எழுதுங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் போன பிறகு எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும்தான்.

காலரா ஊசி இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். கை வீங்கிவிட்டது. பரவாயில்லை. ரங்கூன் துறையில் இறங்கும்போது வரவேற்க வருவீர்கள் அல்லவா? குடை கொண்டு வராதீர்கள். நான் நனைய வேண்டும்.

நஜ்மா

❖

ரங்கூன்
16-1-1948

அன்புள்ள நஜ்மாவுக்கு,

நாலாம் தேதி இங்கே சுதந்திரம் வந்துவிட்டது. புதுக் கொடி, மத்தளம், ஊர்வலம். எதிர்வீட்டுக்காரி கன்னம் நிறையத் தனக்காக் கட்டை அரைத்துப் பூசிக்கொண்டு எனக்கும் ஒரு கொடி கொடுத்தாள். ஆட்டினேன். நீ பார்த்திருந்தால் ஊர்வலத்தின் முன்னால் போயிருப்பாய். நான் பின்னால் குடையோடு போனேன். மழை இல்லாத மாதம்தான், பழக்கத்தில் எடுத்துப் போய்விட்டேன்.

ஆபீஸ்களில் ஆள் மாறுகிறார்கள். உன் மனுவைப் பற்றி இப்போது கேட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். வராவிட்டால்தான் என்ன? ஏதாவது வழி இருக்கும். அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கோழிகளைக் கேட்டதாகச் சொல்.

ஜமீல்

❖

மதுரை
11-3-1948

மச்சானுக்கு,

இன்று மெட்ராசிலிருந்து பதில் வந்தது. விசா இல்லை. வஹீது படித்துச் சொன்னார். நான் நம்பவில்லை. தெருக்கோடியில் இருக்கிற ஸ்கூல் வாத்தியார் நாகசுப்பிரமணியனிடம் கொடுத்துத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். "மனுதாரருக்குப் பர்மாவோடு முன்பின் சம்பந்தம் எதுவும் காணப்படாததால் மனு தள்ளப்பட்டது."

எனக்குப் பர்மாவோடு சம்பந்தம் இல்லையாம், மச்சான்! நான் முதலில் பேசின வார்த்தை பர்மா வார்த்தை. என் அம்மா என்னைத் தூங்க வைத்தது அந்தப் பாஷையில். இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது, இன்னும் எனக்குக் கோபம் வந்தால் பர்மா பாஷையில்தான் வருகிறது. இன்றும் வந்தது. கோழிகள் எல்லாம் கூரை மேல் ஏறிவிட்டன.

இதில் என்னைச் சுட்டது ஆபீசர் எழுதினது மட்டும் இல்லை. உங்கள் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். "வராவிட்டால்தான் என்ன?" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்போதும் மழையைப் பற்றி எழுதுகிறீர்கள், கைலியைப் பற்றி எழுதுகிறீர்கள், "நீ வா" என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. எதிர்வீட்டுக்காரியின் கீரை மட்டும் தவறாமல் வருகிறது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நான் வர வேண்டுமா, வேண்டாமா?

நஜ்முன்னிசா

❖

ரங்கூன்
2-4-1948

என் நஜ்மாவுக்கு,

எதிர்வீட்டுக்காரிக்கு எழுபத்திரண்டு வயது. பல் ஐந்து. நீ இதைப் படித்துவிட்டு அவளிடம் ஸலாம் சொல்லச் சொல்லி எழுத வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில். உள்ளதைச் சொல்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். மனு தள்ளுபடி ஆனது என்று படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. உனக்கு விசா கிடைக்காவிட்டால் கடையையும் வீட்டையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நான் மதுரைக்கே வந்துவிடலாம், மொட்டை மாடியில் கைலி காயும், நீயும் பக்கத்தில் இருப்பாய் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதனால்தான் "நீ வா" என்று எழுதவில்லை. எழுதினால் வந்துவிடுவாய். வந்தால் திரும்ப மாட்டாய். இந்த ஊர் உன்னை விடாது, உன்னை விட்டு நானும் போக மாட்டேன்.

சந்தோஷம் ஒரு நிமிடம்தான். பிறகு கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சம்பந்தம் இல்லை என்று எவன் சொன்னான் என்று எனக்கே ரோஷம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு இங்கத்திய ஆபீசுக்குப் போய் மேஜையைத் தட்டினேன். நான் மேஜை தட்டுகிற ஆளா? நீயே நம்ப மாட்டாய். குமாஸ்தா ஒரு பர்மா இளைஞர். மெட்ராசிலிருந்து வந்த உன் பைலைத் தேடி எடுத்து என் முன்னால் திருப்பிக் காட்டினார்.

எட்டாவது கட்டம். சொந்த ஊர். அதில் வஹீது கையெழுத்தில் "மதுரை" என்று இருக்கிறது.

இவள் பிறந்ததே இங்கே கெம்மண்டைனில்தான், இவள் அம்மா பர்மாக்காரி என்றேன். அந்தப் பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இந்த நாட்டில் பிறந்து, தாய்வழியில் இந்த நாட்டு ரத்தம் இருந்தால், புதுச் சட்டப்படி அந்த அம்மாள் இந்த நாட்டுப் பிரஜை. பிரஜைக்கு விசா கொடுக்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது. ஏன் கேட்டார்கள்?" என்றான்.

நான் விருமாண்டி ஏட்டை நினைத்துக்கொண்டேன். நம் எல்லோரிலும் அவர் ஒருவருக்குத்தான் புரிந்திருக்கிறது.

திட்டு. ஆனால் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே.

ஜமீல்

❖

மதுரை
19-4-1948

மச்சானுக்கு,

வஹீதைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார்.

"நிக்காஹ் ஆயிட்டா புருசன் ஊருதானே மைனி பொண்டாட்டி ஊரு? ஒங்க ஊரு ரங்கூனு, எங்க அண்ணன் ஊரு மதுரைன்னு ரெண்டு ஊரு போட்டா, இது என்ன குடும்பம்னு ஆபீசர் நெனைக்க மாட்டானா? குடும்ப மானம் இருக்குல்ல?"

மாமி உடனே, "அதானே, புள்ள சரியாத்தான எழுதியிருக்கான்" என்றார்கள். ஒன்பது மாதம், நாலு போட்டோ, இரண்டு ஊசி. எல்லாம் குடும்ப மானம். நான் பேச ஆரம்பித்தேன். எம்புட்டு நேரம் பேசினேன் என்று சீனியம்மாளைக் கேளுங்கள், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். கடைசியில் வஹீது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தப்புத்தான் மைனி" என்றார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் உங்கள் சாடை. அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

உங்களையும் திட்டப் போவதில்லை. திட்டினால் தீர்ந்துவிடும், இது தீராது. நான் இங்கே ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அங்கே அது வரக் கூடாது என்று இருந்திருக்கிறீர்கள். உங்கள் ஊர் உங்களுக்குப் பிடிக்கிறது என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஊரைப் பிடிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வலிக்கிறது, மச்சான். அவ்வளவுதான் சொல்வேன்.

நான் பர்மாப் பிரஜை என்பதற்கு என்ன அத்தாட்சி வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

நஜ்முன்னிசா

❖

ரங்கூன்
30-6-1948

அன்புள்ள நஜ்மாவுக்கு,

நீ கேட்ட அத்தாட்சிக்காக இரண்டு மாதம் அலைந்தேன். பிறப்புப் பதிவேடு குண்டில் எரிந்துவிட்டது. உனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த டோ மியா டீச்சரம்மா இருக்கிறாரே, அவரைக் கண்டுபிடித்து ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். மழை. ஒரே குடையில் இரண்டு பேரும். நான் முழுக்க நனைந்தேன்.

குமாஸ்தா கேட்டதும், நீ எனக்கு அனுப்பின அழகான படத்தைப் பெருமையோடு எடுத்து நீட்டினேன். டீச்சரம்மா கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது அவள் இல்லை" என்றார். படத்தை வாங்கித் துடைத்து இன்னொரு தடவை காட்டினேன். "நஜ்மாவுக்கு இடது கன்னத்தில் மச்சம் உண்டே. கணக்குத் தப்பாகப் போட்டால் அதைப் பிடித்துத்தான் நான் கிள்ளுவேன். எப்போதும் தப்பாகத்தான் போடுவாள்" என்றார். குமாஸ்தா சட்டென்று உன் பைலைத் திறந்தான். நாலாவது படம். நீ முறைத்துக்கொண்டிருக்கிறாய், இடது கன்னத்தில் மச்சம் இருக்கிறது. டீச்சரம்மா, "ஆமாம், இந்த முறைப்பு அவளுடையதுதான்" என்றார். அந்த இடத்திலேயே முத்திரை குத்திவிட்டார்கள்.

ராமமூர்த்திக்கு என் நன்றியைச் சொல். அவர் மச்சத்தைத் தீட்டி எடுக்காமல் இருந்திருந்தால் இத்தனை பலமான அத்தாட்சி கிடைத்திருக்காது.

பிரஜைப் பத்திரம் தயாராக இன்னும் இரண்டு மாதம் ஆகும். முத்திரை குத்திய கையோடு குமாஸ்தா, "உங்கள் அனுமதிச் சீட்டு?" என்றான். என் இரண்டு வருடம் செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. பிரஜையின் கணவனுக்கு நீட்டித்துத் தருவார்களாம். ஆனால் பிரஜை நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் நீ வந்துவிட வேண்டும், நஜ்மா.

வா. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். வா.

ஜமீல்

❖

மதுரை
18-9-1948

மச்சானுக்கு,

பத்திரம் நேற்றுத்தான் வந்தது. வஹீது ஓடிப் போய் விசாரித்துவிட்டார். முந்தைய கப்பலில் ஓர் இடமும் இல்லை. மெட்ராசிலிருந்து இருபத்தொன்பதாம் தேதி கப்பல். ரங்கூன் சேருவது அக்டோபர் மூன்று.

உங்கள் சீட்டு முப்பதோடு முடிகிறது. மூன்று நாள். வெறும் மூன்று நாள் பொறுக்கச் சொல்லி அந்தக் குமாஸ்தாவிடம் கெஞ்சுங்கள். நீங்கள் கெஞ்சுவதில் கெட்டிக்காரர்.

மாமி அழுகிறார்கள். "போறவள நிறுத்த மாட்டேன், ஆனா கோழிக்கு யாரு தவிடு பெசைவா?" என்கிறார்கள். கோழிக்காக அழவில்லை என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நானும் அழுதேன். இந்த ஊரைவிட்டுப் போக எனக்கு அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

நஜ்மா

❖

கெம்மண்டைன் வீடு, அலமாரி மேல் தட்டு
29-9-1948

நஜ்மா,

கெஞ்சினேன். முப்பதாம் தேதி கப்பலேறாவிட்டால் இனி எப்போதும் உள்ளே விட மாட்டார்களாம். வெளியே போய் விசாவுக்கு மனுப் போட்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். நாளை ஏறுகிறேன். சாவியை டீச்சரம்மா துறைக்கே கொண்டு வந்து உன்னிடம் கொடுத்திருப்பார். அரிசி பானையில். ஒழுகும் இடம் இரண்டுக்கும் நேர் கீழே குண்டான் வைத்திருக்கிறேன். அடைத்த ஒழுக்கு திரும்ப ஒழுகுகிறது. காலையில் மொய்ங்கா விற்பவள் வருவாள். உனக்காக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி கீரை கொண்டு வருவாள். வாங்கிக்கொள்.

வாசல் ஆணியில் புதுக் குடை ஒன்று மாட்டியிருக்கிறேன். நீ எடுக்க மாட்டாய் என்று தெரியும். என் மனசுக்காக மாட்டினேன்.

ஜமீல்

❖

ரங்கூன்
9-10-1948

அன்புள்ள மச்சானுக்கு,

வந்துவிட்டேன். துறையில் இறங்கியபோது மழை பெய்தது. பத்திரத்தைப் பார்த்த ஆபீசர் என்னிடம் என் பாஷையில், "வீட்டுக்கு வந்துவிட்டீர்களா, அக்கா?" என்றார். அந்த இடத்திலேயே பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எனக்கு விசா கிடைக்கவில்லை என்று நினைத்து அனுதாபப்பட்டார்கள்.

மொய்ங்கா சாப்பிட்டேன். முதல் நாள் மூன்று கிண்ணம். அத்தா அம்மா அடங்கிய இடத்துக்குப் போய் ஓதிவிட்டு வந்தேன். வீடு முழுக்க நீங்கள் இருக்கிறீர்கள். கொடியில் காயாத உங்கள் கைலி ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு ஒழுக்குக்கும் கீழே ஒரு குண்டான். இந்த ஊர் பிடிக்காதவர், நான் பிறந்த வீட்டை இப்படியா வைத்திருப்பார்?

எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்தேன். பல் ஐந்தில்லை, நாலு.

இனி உங்கள் மனு. குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் வரவேண்டுமானால் இந்த நாட்டுப் பிரஜை ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பிரஜை நான். கேட்கவே நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை எழுதுகிறேன்: அந்தப் பிரஜை நான்.

ஆனால் உடனே போட மாட்டேன். பிடிக்காத ஊரில் ஒருவரைக் கொண்டு வந்து அடைப்பது என்னவென்று ஆறு வருடம் அனுபவித்தவள் நான். அதை உங்களுக்குச் செய்ய மாட்டேன். அங்கே உங்களுக்கு வெயில் இருக்கிறது, மாமி இருக்கிறார்கள். இருக்க விருப்பமானால் இருங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். வர விருப்பமானால் மனுவில் பதினோராவது கட்டத்தை நீங்களே, உங்கள் கையால் நிரப்ப வேண்டும். என்ன எழுதினீர்கள் என்று எனக்கு எழுத வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

நஜ்முன்னிசா

❖

காஜிமார் தெரு, மதுரை
30-11-1948

அன்புள்ள நஜ்மாவுக்கு ஜமீல் ஸலாம்.

நடுக்கடலில் எதிரே ஒரு கப்பல் போயிற்று. அதில் நீ இருப்பாய் என்று மேல்தட்டில் நின்று குடையை விரித்து வெகுநேரம் ஆட்டினேன். பக்கத்தில் நின்ற ஒருவர், அது பினாங்குக்குப் போகிற சரக்குக் கப்பல் என்றார். இருந்தாலும் ஆட்டினேன்.

மனு போட ஆரம்பித்துவிட்டேன். உன் அருமை இப்போது தெரிகிறது. ராமமூர்த்தி எனக்கும் போட்டோ எடுத்தார். வழுக்கையில் அவராகவே முடி தீட்டிவிட்டார். படம் திரும்பி வந்துவிட்டது. கேட்டதற்கு, "பொம்பளைக்குத்தான் தீட்டணும்னு இருக்கா?" என்கிறார். ஏட்டு விருமாண்டி விசாரணைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சீனியம்மாள், "பொண்டாட்டி போனதுலேர்ந்து மொட்டை மாடியே கதின்னு கெடக்காரு, நடத்தை நல்ல நடத்தைதான்" என்று சாட்சி சொன்னாள்.

மனுவை நிரப்ப வஹீது உட்கார்ந்தான். எட்டாவது கட்டத்தைப் பார்த்தால் "ரங்கூன்" என்று எழுதியிருக்கிறான்! என்னடா இது என்றேன். "மைனி அம்புட்டுப் பேச்சுப் பேசுனாங்கண்ணே. அதான் இந்தத் தடவை பொண்டாட்டி ஊரைப் போட்டேன்" என்றான். அடித்துவிட்டு மதுரை என்று நானே எழுதினேன்.

உன் அறையில்தான் இருக்கிறேன். கோழிகளுக்கு நான்தான் தவிடு பிசைகிறேன். துவைத்துப் போட்ட கைலி பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு, காய்ந்து என்ன செய்ய என்று இருக்கிறது. அம்மாவே பார்த்துவிட்டு, "கெளம்புடா, ஒன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றுவிட்டார்கள்.

பதினோராவது கட்டத்தில் முதலில் "மனைவிக்குச் சமைத்துப் போட" என்று எழுதினேன். வஹீது சிரித்தான். அது பொய்யில்லை, செய்வேன். ஆனால் அதுதான் காரணமா என்று யோசித்தேன். அந்த நாடு எனக்குப் பிடிக்கும் என்று எழுதினால் பொய். மழை பிடிக்காது, நாப்பி பிடிக்காது. சர்க்கார் மனுவில் பொய் எழுதக் கூடாது. அதனால் அதையும் அடித்துவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உள்ளதை எழுதினேன்:

"அந்த நாடு என் மனைவிக்குப் பிடிக்கும். என் மனைவியை எனக்குப் பிடிக்கும்."

"கட்டத்துல அடங்காதுண்ணே" என்றான் வஹீது. அடங்கவில்லைதான். மீதியை ஓரத்தில் சுற்றி எழுதிவிட்டேன்.

உன் ஜாமீன் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அயல்நாட்டான்,
ஜமீல்